தந்தையின் கையொப்பமும் பிள்ளைகளின் பயணமும்

திருவாமாத்தூரில் வசிக்கும் நண்பர் ஒருவர், பதினாறு வயது மகனுடன் பத்து நாள் ஐரோப்பியப் பயணம் ஒன்றுக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார். பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்பது தந்தையின் பட்டியல். பார்சலோனாவின் கால்பந்து மைதானம் ஒன்றே போதும் என்பது மகனின் பட்டியல். தாயாருக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை பெற்றோரில் ஒருவருடன் மட்டும் செல்வதானால், உடன் வராத மற்றவர் தமக்கு ஆட்சேபணையில்லை என்று எழுதி, நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்டு விசா விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அப்படி எழுதிய கடிதத்தைக் காட்டி, மொழி சரியாக இருக்கிறதா என்று நண்பர் கேட்டார். மொழியில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் தாய் இருக்கிறார், தந்தை இருக்கிறார், பயணத் தேதிகள் இருக்கின்றன. போகிறவன் எங்கே போக விரும்புகிறான் என்பது மட்டும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் நடைமுறை.

ஒப்புதலும் உறுதிமொழியும் திருவாமாத்தூர்க்காரர்களுக்கு எளிய விஷயங்கள் அல்ல. விழுப்புரத்துக்கு அருகே பம்பையாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்றது. அபிராமேசுவரர் கோயிலும் முத்தாம்பிகை கோயிலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இங்குள்ள வட்டப்பாறை சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. அதன்முன் பொய்ச்சத்தியம் செய்தவர் தப்புவதில்லை என்பது நம்பிக்கை. அதற்குச் சொல்லப்படும் கதையில், தம்பியின் பங்கை அபகரித்த அண்ணன் ஒருவன் பொற்காசுகளைத் தன் கைத்தடிக்குள் ஒளித்து வைக்கிறான். சத்தியம் செய்யும் வேளையில் கைத்தடியைத் தம்பியிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, ‘அவன் பங்கு என்னிடம் இல்லை, அவனிடமே உள்ளது’ என்கிறான். சொல் ஒவ்வொன்றும் உண்மை, சொன்னது பொய். ஊர் எல்லையைத் தாண்டிச் சென்றவனைப் பாம்பு தீண்டியதாகக் கதை முடிகிறது. சட்ட நூல்கள் பல பக்கங்களில் விளக்க முயலும் ஒரு விஷயத்தை இந்தக் கைத்தடி விளக்கிவிடுவதாக எனக்கு எப்போதும் தோன்றும். நண்பரின் கடிதத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்த பழைய வழக்கிலும் இப்படியொரு கைத்தடி உண்டு.

பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்புவது பற்றி நம் நாட்டில் தந்தைமார் எடுத்த முடிவுகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து தொடங்குவதானால் அது தலைகீழாகத் தொடங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை, ஆளுநர் எபேர் காலத்தில் சிறையிலடைக்கப்பட்டு 1717-இல் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை நீதி கேட்டுப் பிரான்சுக்கே சென்றார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அரசப் பிரதிநிதியான ஓர்லியான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தையானார். செவாலியே விருதுடன் திரும்பி, தந்தை வகித்த தரகர் பதவியை 1722-இல் அடைந்து, இரண்டே ஆண்டுகளில் இறந்தும் போனார். மகன் தானே தீர்மானித்துத் தந்தைக்காகச் சென்ற பயணம் அது. பின்னர் வந்த பயணங்களில் தீர்மானித்தவர்கள் தந்தையர்.

வங்காளத்து மருத்துவர் கிருஷ்ணதன கோஷ் 1879-இல் தம் மூன்று மகன்களையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தார். இந்தியர் எவரோடும் பழகவிடக்கூடாது என்பது அவர் இட்ட நிபந்தனை. மூன்றாமவனுக்கு அப்போது வயது ஏழு. பதின்வயது முழுவதையும் தாய்மொழியின்றி இங்கிலாந்தில் கழித்த அவர் ஊர் திரும்பும் வேளையில், அவர் ஏறியதாகக் கருதப்பட்ட கப்பல் லிஸ்பன் அருகே மூழ்கிய செய்தி தந்தைக்கு எட்டியது. மகன் வேறொரு கப்பலில் பத்திரமாக வந்துகொண்டிருந்தார். தந்தை அதிர்ச்சியிலேயே இறந்தார். அந்த மகன்தான் 1910-இல் புதுச்சேரிக்கு வந்து கடைசிவரை இங்கேயே தங்கிவிட்ட அரவிந்தர். மோதிலால் நேருவோ வேறு வகை. 1905-இல் மனைவி, மகள், பதினைந்து வயது மகன் என்று குடும்பத்தையே கப்பலேற்றிச் சென்று, ஜவஹர்லாலை ஹாரோ பள்ளியில் சேர்த்த பிறகே திரும்பினார். வசதி இருந்தது, செய்தார்.

வசதியில்லாத தந்தை என்ன செய்வார்? நாம் பார்க்கவிருக்கும் வழக்கு அப்படிப்பட்ட ஒருவருடையது.

ஜித்து நாராயணையா வருவாய்த் துறையில் பணியாற்றித் தாசில்தாராக ஓய்வு பெற்ற தெலுங்கு பிராமணர். மனைவி சஞ்சீவம்மா 1905-இல் காலமாகிவிட்டார். ஓய்வூதியமோ சம்பளத்தில் பாதி. வீட்டிலோ நான்கு மகன்கள். 1882 முதல் பிரம்மஞான சபையின் உறுப்பினராக இருந்தவர் என்பதால் அடையாற்றில் வேலை கேட்டு அன்னி பெசன்ட் அம்மையாருக்குப் பலமுறை எழுதி, 1909 ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்தார். சபை வளாகத்துக்கு வெளியே சிதிலமான ஒரு சிறு வீடு கிடைத்தது. இரண்டாவது மகன் கிருஷ்ணமூர்த்தியும் மூன்றாமவன் நித்யானந்தாவும் அங்கிருந்து மயிலாப்பூர் பெண்ணாத்தூர் சுப்ரமணியம் பள்ளிக்கு நடந்து போய்வந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி மந்தமான மாணவன் என்று பெயரெடுத்து ஆசிரியரிடம் அடிவாங்கிய சிறுவன். அவ்வாண்டு கோடையில் அடையாற்றுக் கடற்கரையில் அவனைக் கண்ட லெட்பீட்டர், உலகாசிரியர் தோன்றுவதற்குரிய உடல் இதுவென்று அறிவித்ததும், அதன் பிறகு நடந்தவையும் இலக்கிய வாசகர்கள் அறிந்தவை. அதன் ஆன்மிகம் எனக்கு இங்கே பொருட்டல்ல. அந்த அறிவிப்புக்குப் பிறகு தந்தை இட்ட கையொப்பங்களே பொருட்டு.

முதல் கையொப்பம் 1910 மார்ச் 6-ஆம் தேதி. இரு மகன்களின் பாதுகாப்பையும் கல்வியையும் பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைப்பதாக எழுதிய கடிதம் அது. அவர் கட்டாயப்படுத்தப்பட்டார் என்று சொல்ல இடமில்லை. மனைவியற்ற வீட்டில் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த ஒருவர், அப்போது உலகப் புகழ்பெற்றிருந்த ஒரு பெண்மணி தம் மக்களை இங்கிலாந்தின் பல்கலைக்கழகத்தில் படிக்கவைப்பதாகச் சொல்லும்போது வேறென்ன செய்வார்? நானும் கையெழுத்திட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

1911 ஏப்ரல் 22-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறி மே 5-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார்கள். கிருஷ்ணமூர்த்திக்குப் பதினாறு நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. நித்யாவுக்கு வயது பன்னிரண்டு. இன்றைய பொருளில் அது விடுமுறைப் பயணம் போன்றதுதான்: நாடகங்கள், ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா ஊர்வலம், ஜூன் மாதத்தில் பாரிஸ், அங்கே சோர்பான் பல்கலைக்கழகத்தில் ஜியார்டனோ புருனோ பற்றிப் பெசன்ட் அம்மையார் ஆற்றிய உரை. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ப்பதற்குப் பெயர் பதியும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. அக்காலத்தில் விசாக் கடிதங்கள் ஏதும் தேவைப்படவில்லை. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டமே 1920-இல்தான் வந்தது. தாள்களுக்குப் பதிலாக உடலில் சில திருத்தங்கள் தேவைப்பட்டன. ஐரோப்பிய உடை, காலைக் கடிக்கும் பூட்சு என்பவற்றோடு, குழந்தைப் பருவத்தில் குத்திய காதுத் துளைகளும் மருத்துவரைக் கொண்டு தைத்து மூடப்பட்டன. (1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய கணிதமேதை ராமானுஜன் குடுமியை இழந்தது பலருக்கும் தெரியும். ஆனால் ராமானுஜனுக்கு வயது இருபத்தாறு. கடல் கடக்கத் தாயின் சம்மதத்துக்குக் காத்திருந்த மனிதர் என்றாலும் முடிவு அவருடையது. காதுத்துளை தைக்கப்பட்ட சிறுவர்களிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.) அக்டோபரில் எல்லோரும் திரும்பிவந்தார்கள்.

திரும்பிவந்த மகன்களைக் கண்ட தந்தைக்குச் சஞ்சலம் தொடங்கியது. லெட்பீட்டர் 1906-இல் சிறுவர்கள் தொடர்பான குற்றச்சாட்டுகளின் காரணமாகச் சபையிலிருந்து விலக நேர்ந்து, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அவரிடமிருந்து பிள்ளைகளை முற்றாகப் பிரித்துவைக்க வேண்டும் என்பது நாராயணையாவின் நிபந்தனை. இல்லாவிட்டால் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கல்விக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்வதில் தமக்கு ஆட்சேபணையில்லை என்று 1912 ஜனவரி 19-ஆம் தேதி எழுதிக் கையொப்பமிட்டார். இது இரண்டாவது கையொப்பம்.

பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. பிள்ளைகள் இங்கிலாந்துக்குத்தான் போனார்கள். ஆனால் அவ்வாண்டு வசந்தத்தில் அங்கிருந்து இத்தாலிக்குச் சென்று, சிசிலித் தீவின் தவோர்மினாவில் மாதக்கணக்கில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தவர் லெட்பீட்டர். கைத்தடி என்று நான் சொன்னது இதைத்தான். இங்கிலாந்து என்று எழுதிய கடிதம் பொய்யாகவில்லை. பெசன்ட் அம்மையார் தரப்பில் இதற்கு விளக்கம் உண்டு; ஆன்மிக நோக்கம் தந்தையின் நிபந்தனைக்கு மேலானது என்று அவர் மனமார நம்பினார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தந்தை கையொப்பமிட்டபோது மனத்தில் கொண்ட பொருளும், தாளில் எஞ்சிய பொருளும் ஒன்றல்ல என்பதை அவரைப் போன்ற சொற்பொழிவாளர் அறியாமல் இருந்திருக்க முடியாது.

ஆகஸ்டு இறுதிக்குள் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும் என்று நாராயணையா எழுதினார். அது நடக்கவில்லை. 1912 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அடையாறு அன்று சென்னை நகர எல்லைக்குள் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த நிர்வாக எல்லைக்கோடு பின்னால் பெரிதாகப் பேசப்படப்போகிறது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913 மார்ச்சில் நீதிபதி பேக்வெல் முன் விசாரணைக்கு வந்தது. தந்தைக்காக சி.பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் அம்மையார் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தமக்காகத் தாமே வாதாடினார். அறுபத்தைந்து வயதில், சட்டப் பட்டம் இல்லாமல், நாள்தோறும் நீதிமன்றத்தில் நின்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த அவருடைய திறமையை எதிர்த்தரப்பினரும் மதித்தார்கள்.

ஏப்ரல் 15-ஆம் தேதித் தீர்ப்பு விசித்திரமானது. லெட்பீட்டர் மீது சுமத்திய குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. ஆகவே வழக்குச் செலவைத் தந்தையே ஏற்க வேண்டும். ஆனால் பிள்ளைகளை மே 26-ஆம் தேதிக்குள் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். அத்துடன் இருவரும் நீதிமன்றத்தின் காப்பிலுள்ள சிறுவர்கள் என்றும் அறிவித்தார். இந்த அறிவிப்பின் நுட்பம் இன்றைய வாசகருக்குப் புலப்படாமல் போகலாம். 1875-ஆம் ஆண்டின் சட்டப்படி பதினெட்டு வயதில் ஒருவர் மேஜராகிறார். ஆனால் நீதிமன்றம் காப்பாளரை நியமித்தாலோ தன் காப்பில் ஏற்றாலோ அந்த வயது இருபத்தொன்று. (இந்த வேறுபாடு இந்தியாவில் 1999-இல்தான் நீக்கப்பட்டது.) கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு நிறைய நான்கு வாரங்களே இருந்தன. ஒரு வாக்கியத்தில் அவருடைய சிறுவயது மூன்றாண்டுகள் நீட்டப்பட்டது. கடல்களுக்கு அப்பால் இங்கிலாந்தில் இருந்த அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. மேல்முறையீட்டிலும் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தந்தையின் பக்கமே நின்றது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1914 மே 25-ஆம் தேதி அங்கே தீர்ப்பு மாறியது. அத்தீர்ப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் தோற்ற தந்தைக்கும் அதில் ஒரு வெற்றி இருக்கிறது.

காப்பாளராக இருத்தல் என்பது உடைமை அல்ல, பிள்ளையின் நலனுக்காக ஏற்ற பொறுப்பு. அதைத் தந்தை வாழ்நாளில் கடிதம் எழுதி இன்னொருவருக்கு நிரந்தரமாகக் கைமாற்றிவிட முடியாது. வளர்க்கவும் படிக்கவைக்கவும் பிறரிடம் ஒப்படைத்தால், அந்த ஒப்படைப்பைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்றது பிரிவி கவுன்சில். அதாவது 1910-ஆம் ஆண்டுக் கையொப்பம் நாராயணையாவின் கைகளைக் கட்டிவிடவில்லை. எனினும் அந்த உரிமையைப் பிள்ளையின் நலனுக்கு எதிராகச் செலுத்த முடியுமா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்மானிக்கும் இடமும் வேறு. காப்பாளர் சட்டத்தின்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கே அதிகாரம். படிப்பதற்காக இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கியிருந்தவர்களைச் செங்கல்பட்டில் வசிப்பவர்கள் என்று சொல்வது எப்படி? வழக்கோ தந்தைக்கும் பெசன்ட் அம்மையாருக்கும் இடையே நடந்தது. பிள்ளைகள் அதில் கட்சிக்காரர்கள் அல்லர். அவர்கள் வர மறுத்தால் அம்மையார் எவ்வாறு இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க முடியும்? இந்த வயதுப் பிள்ளைகளின் விருப்பத்தை அறியாமல் இப்படியோர் ஆணையை இட்டிருக்கக்கூடாது. விரும்பினால் இங்கிலாந்து நீதிமன்றத்தைத் தந்தை நாடலாம் என்று வழி காட்டி, வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஓய்வூதியத்தில் வாழ்ந்த முன்னாள் தாசில்தார் லண்டனில் வழக்கு நடத்துவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர் நடத்தவில்லை.

பெரியவர்கள் இருவரும் கையொப்பங்களைப் பற்றியே நான்காண்டுகள் பேசிக்கொண்டிருந்த இடத்தில், போன பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று முதன்முதலாகக் கேட்டது ஓர் எல்லைத் தகராறின் வழியே என்பது கவனிக்கத்தக்கது. நீதிபதிகள் அன்பினால் கேட்கவில்லை. ஆணை செல்லுபடியாக வேண்டுமானால் அது தேவைப்பட்டது. ஆனால் காரணம் எதுவாயினும் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் வளரும் இந்தியப் பிள்ளைகளின் காப்பு பற்றிய வழக்குகளில் இன்றும் ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்ற சொற்றொடரைச் சுற்றி வாதங்கள் நடக்கின்றன.

தாய் என்ற பெயரே இவ்வழக்கில் அடிபடாதது தற்செயல். சஞ்சீவம்மா உயிரோடு இருந்திருந்தாலும் சட்டம் அவரைக் கேட்டிருக்காது. 1956-ஆம் ஆண்டின் இந்துச் சட்டமும் தந்தையை முதலிலும், ‘அவருக்குப் பின்’ தாயையும் வைத்தது. நாவலாசிரியை கீதா ஹரிஹரன் தம் சிறுவயது மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரங்கள் வாங்க 1984-இல் விண்ணப்பித்தபோது தந்தையின் கையொப்பம் கேட்கப்பட்டது. அவர் கணவருடன் சேர்ந்தே உச்சநீதிமன்றம் சென்றார். தந்தை இறந்த பின் என்று மட்டுமல்ல, தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாய் காப்பாளரே என்று அச்சொல்லுக்குப் பொருள் கொண்ட தீர்ப்பு 1999 பிப்ரவரியில் வந்தது. இன்று விழுப்புரத்தில் ஒரு தாய் ஆட்சேபணையில்லை என்று எழுதித் தரவேண்டியிருப்பதை அலுவலகத் தொந்தரவு என்று நண்பர் சலித்துக்கொள்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையொப்பம் கேட்கப்படுவதே சமீப காலத்துச் செய்தி.

நாராயணையாவின் மகன்களுக்குத் திரும்புவோம். எந்தப் படிப்புக்காகத் தந்தை பிள்ளைகளைப் பிரிந்தாரோ, அந்த ஆக்ஸ்ஃபோர்டு அவர்களுக்கு வாய்க்கவில்லை. வழக்கின் பரபரப்புக்குப் பிறகு கல்லூரி அவர்களை ஏற்க மறுத்தது. கிருஷ்ணமூர்த்தி லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, முயற்சியைக் கைவிட்டார். நித்யா தேறிச் சட்டம் படித்து பாரிஸ்டரானார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1921 டிசம்பரில், இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒருவருக்கு வயது இருபத்தாறு, மற்றவருக்கு இருபத்துமூன்று. இனி எவருடைய சம்மதமும் அவர்களுக்குத் தேவையில்லை. 1924-இல் நாராயணையா காலமானார். மறு ஆண்டு நவம்பரில் நித்யா கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் காசநோயால் இறந்தபோது, கிருஷ்ணமூர்த்தி பெசன்ட் அம்மையாருடன் இந்தியாவை நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்தார்.